நடுச்சுவரில் காய்த்த பூசணி

கொடி சொர்ணபாயின் முற்றத்தில்தான் வேர்விட்டிருந்தது. பிஞ்சு மட்டும் நடுச்சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த ஓட்டைக்குள் புகுந்து, பாதி இங்கும் பாதி ஓரகத்தி தேவகிருபையின் பக்கமுமாகப் பருத்துவிட்டது. சுவர் எழுந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. சொர்ணபாய் தண்ணீர் ஊற்றினாள். அணில் கொறிக்காதபடி தன் பக்கத்துப் பாதிக்கு தேவகிருபை சாக்கு போர்த்தினாள். அறுப்பின் பண்டிகைக்குப் பூசணி கொண்டுவருவதாக இருவருமே சபைப் போதகரான கோயில் ஐயரிடம் சொல்லியிருந்தார்கள்.

பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம், தூறலில், சுவரின் அந்தப் பக்கம் கடப்பாரை சத்தம் கேட்டது.

"யக்கா, காய் விழுந்துராம அங்கன பிடிச்சுக்கிடுங்க."

சொர்ணபாய் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். தேவகிருபை கல் கல்லாகப் பெயர்த்த பிறகு, இடுப்பு சிறுத்த பூசணி முழுசாக வெளியே வந்தது. மறுநாள் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கோயில் ஆல்டர்முன் காணிக்கையாக வைத்தார்கள். சபையார் சேர்ந்துண்ட அசனத்தில் அது குழம்பாயிற்று.

வீடு திரும்பியதும், ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து கிடந்த சுவரருகே தேவகிருபை நின்றாள்.

"கல்லையெல்லாம் எப்பம் அடுக்கலாம்க்கா?"

"மழை விடட்டும் பிள்ள" என்றாள் சொர்ணபாய்.

வெயில் கொடிமேல் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.