பஸ்லியின் மூச்சு

மழை விட்ட வெயில் மாத்தளை தேவாலய மண்டபத்தின் உயரமான ஜன்னல்கள் வழியே இறங்கி, வயலின் வில்களில் பளபளக்கிறது. கொழும்பு இசைக்குழுவை முதன்முறையாகத் தன் ஊரில் நடத்தப்போகும் ஷெனாலி, கையில் சிறு கோலுடன் பலகைமேல் நிற்கிறாள். மாலையில் கச்சேரி. பெரிய வயலின் போன்ற செல்லோவை வாசிப்பவர் காய்ச்சலில் விழுந்துவிட்டதால், அவருடைய தனிப்பகுதியை இன்று காலையில்தான் கிளாரினெட்டுக்கு மாற்றி எழுதினாள். அதை வாசிக்க வந்திருக்கும் பக்கத்து ஊரான பலாபத்வலயின் பேண்ட் மாஸ்டர் பஸ்லி, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். "மிஸ், இதுல மூச்செடுக்க எடமே இல்லியே?" வயலின்காரர்கள் சிரிக்கிறார்கள். ஷெனாலியின் முகம் சூடேறுகிறது. வில்லுக்கு மூச்சு வேண்டாம், கிளாரினெட்டுக்கு வேண்டும். அவசரத்தில் அதை மறந்தே போனாள். "ஒங்களுக்கு வேணுங்கிற எடத்துல எடுங்க சேர். அதுவரைக்கும் நாங்க நிக்கிறோம்." கோல் இறங்குகிறது. தாழ்ந்த சுரத் தந்திகள் முனகத் தொடங்க, கிளாரினெட் மெல்ல எழும்பி, வளைந்து வளைந்து உச்சிக்கு ஏறுகிறது. பஸ்லியின் கழுத்து நரம்பு புடைக்கிறது. ஷெனாலி இரண்டு கைகளையும் அந்தரத்தில் நிறுத்துகிறாள். அத்தனை வில்களும் அசையாமல் நிற்கின்றன. கூரையிலிருந்து நீர் சொட்டுவது கேட்கிறது. பஸ்லி மூச்சை இழுக்கிறார். அவரோடு சேர்ந்து எல்லோரும் இழுக்கிறார்கள். பிறகு ஒற்றைச் சுரம் பிறக்க, வயலின்கள் எல்லாம் அதன்மேல் பாய்கின்றன. ஷெனாலிக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. வாசித்து முடித்ததும் பஸ்லி நெற்றியைத் துடைக்கிறார். "சொரி மிஸ், எல்லாரையும் நிக்க வச்சிட்டேன்." "சொரியா?" ஷெனாலி பலகையிலிருந்து துள்ளி இறங்குகிறாள். "எல்லாரும் பென்சில எடுங்க! அந்த மூச்ச தாள்ல எழுதிக்கங்க!"