இன்னும் குமிழி வருது

முறிந்த எலும்பையும் முறிந்த உறவையும் ஒன்றேபோல் பொருத்த வல்லவனின் திருப்பெயர் முன்னிற்க.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து பிஸெர்த் துறைமுகத் தெருவே உண்ண அமர்ந்திருந்த வேளை. நடுச்சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல், யார் பெயரையும் சொல்லாமல் எழுந்தது.

"பிரேக்குல ஏர் எடுக்கணும். லிவரைப் பிடிக்க ஒரு கை வேணும்!"

குஸ்குஸ் ரவைச் சோற்றில் வைத்த கரண்டியை ஜலூல் எடுக்கவில்லை. அது அவனுடைய அண்ணன் ஹாதியின் குரல்.

"உங்க அண்ணன் சுவரோட பேசறாரா?" என்றாள் மனைவி மப்ரூக்கா. "ரெண்டு குளிர்காலமா ஒரு ஸலாம் கிடையாது. இப்போ கை வேணுமாம், கை! போகாதீங்க, சொல்லிட்டேன்."

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. தந்தை விட்டுச்சென்ற பழைய இத்தாலிய மோட்டார் சைக்கிளில் ஜலூல் கடற்கரைச் சரிவில் இறங்கிய அன்று, முன்சக்கரத்து பிரேக் இறுகி அவனைத் தூக்கி எறிந்தது. கால் முறிந்து கிடந்தவனிடம் ஓடிவந்த ஹாதி முதலில் கேட்டது, "வண்டிக்கு என்ன ஆச்சு?" என்பதைத்தான். அந்தக் கேள்வியோடு சகோதரர் பேச்சு அறுந்தது.

"ஒரு கைதானே கேக்கறாரு. கொடுத்துட்டு வந்துடறேன்."

"கையை மட்டும் கொடுங்க. வாயைக் கொடுக்காதீங்க!"

அண்ணன் வீட்டு முற்றத்தில் வண்டி நின்றது. சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும், இறுகிப்போயிருந்த பிரேக் காலிப்பரை ஹாதி முழுவதும் பிரித்து, துருவில் ஒட்டிய பிஸ்டன்களைக் கிரீஸ் அழுத்தத்தால் வெளியே தள்ளி, உள்ளறையைத் துடைத்து, புது ரப்பர் வளையங்கள் இட்டு மீண்டும் பூட்டியிருந்தார். அதன் திருகில் மாட்டிய குழாயின் மறுமுனை ஒரு குப்பி எண்ணெயில் மூழ்கியிருந்தது; உள்ளே காற்று இருந்தால் அங்கே குமிழியாக வெளிவரும். குந்தியிருந்தவரின் தோள் அந்தக் குப்பியை மறைத்தது.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உள்ள ஏர் இருந்தா லிவர் பஞ்சு மாதிரி அமுங்கும். போயிட்டா கல்லு மாதிரி நிக்கும். தெரியும்ல?"

"தெரியும்."

"அமுக்கு. எப்படி இருக்கு?"

ஜலூல் சற்றே தாமதித்தான். "பஞ்சு மாதிரி."

திருகு திறந்து மூடியது. "விடு. குமிழி வருது. மறுபடி அமுக்கு."

அமுக்கு, பிடி, விடு. நெடுநேரம் அவ்வளவே பேச்சு. பிறகு, குனிந்த தலையிலிருந்து வேறொரு சொல் வந்தது.

"குளிர்ல கால் வலிக்குதா?"

"மழை வர்றதுக்கு முந்தி வலிக்கும்."

"ம். அமுக்கு."

அமுக்கினான்.

"அன்னைக்கு உன் எலும்பு வெளியே தெரிஞ்சுது. அதைப் பாக்க எனக்குத் தைரியம் வரலடா. கண்ணை வண்டி பக்கம் திருப்பிட்டேன். வாயும் அங்கேயே போயிடுச்சு."

ஜலூல் பிடித்த பிடியை விடவில்லை. விடச் சொல்ல ஹாதிக்கும் நினைவில்லை.

"அண்ணே... விடவா?"

"விடு, விடு. இன்னும் குமிழி வருது."

"ஆமாண்ணே. இங்கேயும் அமுங்குது."

பாதாம் மிதந்த தேநீர் வந்தது, ஆறியது, மறுபடி வந்தது. சிறுவயதில் தந்தை இருவரையும் இதே வண்டியில் ஏற்றிச் சென்ற கதைக்குப் பேச்சு தாவியது.

"நீதான் எப்பவும் பெட்ரோல் டேங்க் மேல உக்காந்துப்ப, திருட்டுப்பயலே!"

"பின்னாடியிருந்து நீங்க கிள்ளினது மறந்துடுச்சா?"

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்த பிறகே இருவரும் எழுந்தார்கள்.

வீடு திரும்பியவனை மப்ரூக்கா வாசலிலேயே மடக்கினாள்.

"ஒரு கை கொடுக்க இவ்வளவு நேரமா? அதுக்குள்ள அத்தனை காத்தா இருந்துச்சு?"

"காத்தே இல்ல. முதல் தடவை அமுக்கினப்பவே லிவர் கல்லு மாதிரி நின்னுச்சு. நான் போறதுக்கு முன்னாடியே அவர் தனியா எல்லாத்தையும் எடுத்து முடிச்சுட்டாரு."

"அப்புறம் எதுக்குக் குமிழி வருது, குமிழி வருதுன்னு சொன்னாரு? இங்க வரைக்கும் கேட்டுச்சே!"

ஜலூல் எண்ணெய்ப் பிசுக்கேறிய தன் உள்ளங்கையைப் பார்த்துச் சிரித்தான்.

"பஞ்சு மாதிரி அமுங்குதுன்னு நான் எதுக்குச் சொன்னேன்?"

இவ்விருவரின் பொய்யையும் இறைவன் நன்மையாகவே ஏற்பானாக. இதைக் கேட்கும் யாவருக்கும் உடன்பிறந்தார் நேசமும், தம் வாசலைத் தாமே தாண்டிச் செல்லும் மனமும் வாய்ப்பதாக.