மூன்று விரல் வித்தை

"அந்த விடுதிக்கு எத்தனை படிக்கட்டு ஏறணும்னு மட்டும் இன்னொரு தடவை கேட்டுச் சொல்லிடும்மா," என்றார் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த ராட்மிலா.

நெவேனாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "இதோ பாக்குறேன் ஆன்ட்டி," என்றாள். பார்த்தது வேறு. மடிக்கணினியில் மூன்று விரலை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள்.

நோவி சாத் நகரில் இந்தப் பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், கூட வேலை பார்க்கும் துன்யா சொல்லிக்கொடுத்த வித்தை அது. ஒரே கணினிக்குள் இரண்டு டெஸ்க்டாப். ஒன்றில் விடுதி, பேருந்து, பயணச்சீட்டு. இன்னொன்றில் அரட்டை. முதலாளி முதுகுப் பக்கம் வந்தால் விரலைத் தள்ளினால் போதும். கவனம் சிதறாமல் வேலை செய்யும் வழி என்று சொல்லி, துன்யா முதலாளியிடமே பாராட்டு வாங்கியிருந்தாள்.

பின்னறையிலிருந்து துன்யா எழுதியிருந்தாள்: 'படிக்கட்டு ஆன்ட்டி மறுபடியும் வந்தாச்சா? ஹெர்செக் நோவி ஊரே படிக்கட்டுதான். படி ஏறாம இருக்கணும்னா கடலுக்குள்ளதான் ரூம் போடணும்.'

நெவேனா பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மையைத் தட்டி அனுப்பினாள்.

"நீ உன் வேலையைப் பாரும்மா. எனக்கு அவசரமில்ல," என்றார் ராட்மிலா.

"உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் நாலு படி ஏறினாலே உக்காந்துடுறார். ஒரே ஒரு தடவை கடலைப் பாத்துடணும்கிறார். அதான் உன் உயிரை எடுக்கிறேன்." பையிலிருந்து ஒரு ஜாடியை எடுத்து மேசையில் வைத்தார். "அய்வார். நானே குடைமிளகாயைச் சுட்டு, தோல் உரிச்சுக் கிளறினது. உனக்குத்தான்."

நெவேனாவுக்குச் சுருக்கென்றது. 'போதும் துன்யா, பாவம்' என்று எழுதத்தான் விரல் போனது. ஆனால் எழுதியது: 'அய்வார் வேற கொண்டுவந்திருக்கு.'

'இங்க திறந்துடாத. ஆபீஸே நாறும்.'

அதற்கும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டாள். போட்டபிறகு தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பின்னால் காலடிச் சத்தம். விரல் தானாகத் தள்ளியது. முதலாளி ஸ்வெத்தோசார் வந்து நின்றபோது நெவேனாவின் திரையில் விடுதிப் பட்டியல் ஒழுங்காக இருந்தது.

"வணக்கம் ராட்மிலாம்மா. கஸ்டமர் கடல் படம் பாக்கட்டும்னு இன்னிக்குக் காலையிலதான் இந்தத் திரையை உங்க பக்கம் வச்சேன். தெரியுதா?" என்று மேசையில் ராட்மிலாவைப் பார்த்து வைத்திருந்த இன்னொரு திரையைக் காட்டினார்.

"எல்லாம் நல்லாத் தெரியுது தம்பி."

முதலாளி திருப்தியாகப் போய்விட்டார். நெவேனாவுக்கு ராட்மிலாவின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஒரு நல்ல காரியமாவது செய்வோம் என்று பட்டியலை உண்மையாகவே தேடினாள். கிடைத்தது.

"ஆன்ட்டி, கீழ்த்தளத்துலயே ஒரு ரூம் இருக்கு. ஒரு படிகூட ஏற வேண்டாம். இப்பவே போட்டுடட்டுமா?"

"வேண்டாம்மா. வேற எங்கயாவது கேட்டுக்கறேன்." ராட்மிலா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். குரலில் கோபமே இல்லை.

"ஏன் ஆன்ட்டி? ஜாடியையாவது எடுத்துட்டுப் போங்க."

"உனக்குன்னு கொண்டுவந்தது. வீட்டுல போய்த் திற, இங்க நாறும். படிக்கட்டு ஆன்ட்டி கிளம்புறேன்."

போகிற போக்கில், எதிர்ப்பக்கத் திரையை மெல்ல நெவேனாவின் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அதில் கடல் இல்லை; அவள் மடிக்கணினியில் இருந்த அதே விடுதிப் பட்டியல்தான் இருந்தது. நெவேனா மடிக்கணினியில் அம்புக்குறியை நகர்த்திப் பார்த்தபோது, அந்தத் திரையிலும் அது அப்படியே அசைந்தது.