கசில்தா, அடுப்பை அணை

"கசில்தா, அடுப்பை அணை."

"அணைக்கிறேன், ஜெனரல்."

"இப்பவே அணை. அணைச்சிட்டுக் கேஸ் குழாயை மூடு."

"மூடியாச்சு. மூச்சு விடலாமா, இல்ல அதுக்கும் உத்தரவு வேணுமா?"

"மாத்திரையை முழுங்கு. அப்புறம் விடு."

ஸ்பெயினின் புர்கோஸ் நகரில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் நடுவே, வெளிச்சத்துக்காகக் கிணறு மாதிரி ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். எல்லாச் சமையலறை ஜன்னல்களும் அதைப் பார்த்துத்தான். கீழே ஒருவர் தும்மினால் மேல்மாடியில் வாழ்த்துவார்கள். எந்த வீட்டுக் குரல் என்பதுதான் தெரியாது.

எங்கள் ஸ்பானிஷில் "அணையுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லவும் வழியிருக்கிறது. இந்த மனிதருக்கு "அணை" மட்டும்தான் தெரியும். துணியை எடு, மழை வருது. உப்புப் போட்டுட்டே, மறுபடி போடாதே. கதவைப் பூட்டு. காலையில் ஆரம்பித்தால் படுக்கிறவரை இதுதான்.

நான் சட்டம் படிக்கிறவள். கட்டிய மனைவியைச் சிப்பாய் மாதிரி ஏவ இவருக்கு யார் உரிமை கொடுத்தது?

"அது அவங்க வீட்டு விஷயம், விடுடி" என்றாள் என் அறைத்தோழி.

உலகத்து அநியாயத்தில் பாதி இந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது என்று அவளோடும் சண்டை போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். பெயர் பெகோன்யா, கசில்தாவின் மகளாம், பில்பாவோவிலிருந்து வருகிறாளாம். விடுவேனா?

"உங்க அப்பாவைப் பத்திக் கொஞ்சம் பேசணும்."

"எங்க அப்பாவா?"

"நாள் முழுக்க அம்மாவை அதட்டுறார். நீங்களாவது தட்டிக் கேக்கக் கூடாதா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பா செத்து ரொம்ப வருஷமாச்சு. அம்மா தனியா இருக்காங்க. அதுதான் என் கவலையே."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மாவுக்கு ஞாபகம் தப்புதோன்னு சந்தேகம். ஒரே ஒருதரம் கேஸைத் திறந்துபோட்டாங்கன்னு தெரிஞ்சாலும் போதும், முதியோர் இல்லத்துல சேர்த்துடுவேன். இடம் சொல்லி வெச்சிருக்கேன். இந்த வீட்டை விட்டா செத்தே போயிடுவேங்கிறாங்க, நான் என்ன செய்ய? நீங்க ஏதாவது கவனிச்சீங்களா? கருகின வாசனை, கேஸ் வாசனை?"

"ஒருநாளும் இல்லை." உண்மை அதுதான்.

அப்போது அதே குரல். "கசில்தா, பாலை இறக்கு."

வந்தது கசில்தாவின் வாசலுக்கு எதிர்வீட்டிலிருந்து.

கசில்தா கதவைத் திறந்தாள். "வாடி பெகோன்யா. கேட்டியா இந்த எலாதியோ பேசுறதை? என் பாலை எப்ப இறக்கணும்னு எதிர்வீட்டுக்காரன் சொல்றான். இவன் பொண்டாட்டி நிம்மதியா இருக்கத்தான் சீக்கிரம் போய்ச் சேர்ந்தா." திட்டிக்கொண்டே உள்ளே போய்ப் பாலை இறக்கினாள்.

பெகோன்யா நேராக எதிர்க்கதவைத் தட்டினாள். நானும் பின்னாலேயே போனேன். ஏப்ரன் கட்டிய தடித்த கிழவர் வந்து நின்றார். அவள் வாங்கு வாங்கென்று வாங்கினாள். நானும் என் பங்குக்கு இரண்டு சட்டப்பிரிவுகளைச் சேர்த்துவிட்டேன்.

"மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். "மில்லுல மேஸ்திரியா இருந்தவன். வாய் பழகிப்போச்சு. இனிமே சத்தம் வராது."

சாயங்காலம் கிளம்பும்போது பெகோன்யாவின் முகம் தெளிந்திருந்தது. "அம்மா நல்லாத்தான் இருக்காங்க. இந்தப் போடு போடுறவங்களுக்கா ஞாபகம் தப்பும்? அந்த ஆள்தான் சரியில்ல. கொஞ்சம் பார்த்துக்குங்க."

அவள் ஏறிய பேருந்து ஊர் எல்லையைத் தாண்டியிருக்காது.

"கசில்தா, அடுப்பை அணை."

தடதடவென்று இறங்கிப் போய் அவர் கதவைத் தட்டினேன்.

"திறந்துதான் கிடக்கு. தள்ளு. உள்ள வந்து மூடு."

எனக்கும் உத்தரவு. குரல் வந்த திசையில் சமையலறைக்குள் நுழைந்தேன். அந்தக் குளிரிலும் ஜன்னல் திறந்திருந்தது. அவர் அதன்வழியே எதிரே கசில்தாவின் சமையலறையைப் பார்த்தபடி நின்றார். திரும்பவில்லை.

"கொடுத்த வாக்கு ஒருநாள்கூடத் தாங்கலையே, பெரியவரே. 'அடுப்பை அணைச்சாச்சா'ன்னு மரியாதையாக் கேட்டா நாக்கு தேஞ்சிடுமா?"

"கேட்டா யோசிப்பா. யோசிச்சா ஞாபகம் வராது. வரலைன்னு தெரிஞ்சா பயந்துடுவா. ஒருதரம் அப்படித்தான் கேட்டுத் தொலைச்சேன், அன்னிக்கெல்லாம் அழுதா." எட்டிப் பார்த்துக்கொண்டார். "அதட்டினா அழ மாட்டா. என்னைத் திட்டுவா. திட்டினா நல்லாச் சாப்பிடுறா."

என் கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. ஆனால் வாதம் என்று வந்துவிட்டால் நான் லேசில் விடுகிறவள் இல்லை.

"அப்போ மகள்கிட்டச் சொன்னது பொய்."

"பொய்தான்."

"ஒருநாள் உங்க கண்ணு தப்பினா இந்தக் கட்டடமே எரியும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"ராத்திரியில எழுந்து அவங்க அடுப்பைப் பத்தவெச்சா? நீங்க படுக்கையறையில குறட்டை விட்டுக்கிட்டிருப்பீங்க. அப்போ யார் அதட்டுவா?"

"வளவளன்னு பேசாதே. உட்காரு."

உட்காரலாம் என்று பார்த்தேன். சமையலறையில் நாற்காலி இல்லை. ஜன்னலை ஒட்டி, தலையணையும் கம்பளியுமாக, அவருடைய கட்டில்தான் கிடந்தது.