குணமானவர்களின் தெரு

அந்த ஊரின் காசநோய்த் திட்டத்தை வகுத்தவள் செவிலி பிரிஜித்தா. மாத்திரையை நினைவூட்டும் கருவிக்கு, அந்தந்த வீட்டில் இறந்தவரின் குரலையே கொடுக்கலாம் என்றதும் அவள்தான். டாக்டர் பேச்சைக் கேளாதவர்கள்கூட அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டார்கள். நோய் குணமானதும் குரல் நின்றுவிடும் என்பது விதி.

நோயாளிகளில் வேலாண்டி மட்டும் தேறவில்லை. பிரிஜித்தா அவர் தலையணையைத் தூக்கினாள். அடியில் அத்தனை மாத்திரைகளும் கிடந்தன.

"செத்துருவீய அண்ணாச்சி! ஏன் முழுங்கல?"

"முழுங்குனா சரியாயிரும்லா? பெறவு அவளும் போயிருவாளே, சிஸ்டர்."

அலமாரியில் இருந்த கருவியிலிருந்து, இறந்துபோன அவர் மனைவியின் குரல் அதட்டியது: "ஏங்க, மாத்திர போட்டீயளா?"

பிரிஜித்தா தண்ணீரை நீட்டினாள். "போவ மாட்டாக. நான் பாத்துக்கிடுதேன்."

அவர் விழுங்கினார். அன்றே அந்த விதியை அவள் எல்லோருக்குமாக நீக்கினாள்.

மறு ஆண்டு வேலாண்டியின் தெருவில் ஒரு நோயாளிகூட இல்லை. ஆயினும் காலையில் அவள் நடந்துபோகையில், வீட்டுக்கு வீடு இறந்தவர்கள் மாத்திரையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உயிரோடிருப்பவர்கள் பணிவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"போட்டாச்சுளா" என்று அலமாரியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வேலாண்டி வெறும் தண்ணீரைக் குடித்தார்.