இரண்டே நாளில் போன அறிக்கை

"மேடம், நான் ஒரு சொட்டுகூடக் குடிக்கல. சத்தியமா!"

நீதிமன்றப் பதிவறை ஜன்னலுக்கு வெளியே நின்றவர் கசங்கிய சட்டையும் கலைந்த தலையுமாக இருந்தார். கண் வேறு சிவந்திருந்தது. உள்ளே இருந்த எழுத்தர் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னிக்கு நீங்க நாலாவது ஆளு. ஒருத்தர் இருமல் மருந்துன்னார். இன்னொருத்தர் பல்வலிக்கு வாய் கொப்பளிச்சாராம். உங்க கதை என்ன?"

பக்கத்து மேசையில் யாரோ சிரிப்பைத் தும்மலாக்கிச் சமாளித்தார்கள்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் தீர்ப்பு வந்ததும், உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புவது இந்த அம்மாவின் வேலை. பத்து நாள் அவகாசம் உண்டு. இவர் இரண்டே நாளில் அனுப்பிவிடுவார். வழக்குக்கு ஒரு படிவம், படிவத்துக்கு இரண்டு பெயர், நாலு எண், ஒரு முத்திரை. தூக்கத்தில் எழுப்பி உட்கார வைத்தாலும் நிரப்பிக் கொடுத்துவிடுவேன் என்று பீற்றிக்கொள்வார். பதினோரு வருஷத்தில் ஒரு தப்பு வந்ததில்லை என்பதில் அவருக்கு அத்தனை பெருமை.

"லைசென்ஸை ரத்து பண்ணிக் கடிதம் வந்திருக்கு மேடம். இன்னிக்கு ரெண்டு மணிக்குள்ள லைசென்ஸைக் காட்டலேன்னா என் வண்டியை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. நான் என்ன வேலை பார்க்கறேன்னா..."

"எந்த வேலை பார்த்தா என்ன? போன மாசம் ஒரு பெரிய டாக்டருக்கே அனுப்பினேன். பேசாமப் போயிட்டார்."

மணி ஒன்றரை ஆகியிருந்தது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வேலையாவது பரவாயில்ல மேடம். கடிதத்தைப் பிரிச்சுப் படிச்சது என் மாமியார். ராத்திரி பூரா தூக்கமில்ல. வீட்டுக்காரி தினமும் வாசல்லயே நிறுத்தி, ஊதுங்கறா. ஊதிக் காட்டினாத்தான் உள்ள விடறா. அந்த அவமானத்தை நான் யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்?"

எழுத்தர் அம்மாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, அவர் நீட்டிய கடிதத்தில் இருந்த வழக்கு விவரத்தைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்க. சரி, நேராவே கேக்கறேன். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பாலத்துக்குப் பக்கத்துல நீங்க இருந்தீங்களா, இல்லையா?"

"இருந்தேன்."

"ஊதற மெஷின் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எவ்வளவு காட்டுச்சு?"

"நூத்தி எழுபத்திரெண்டு," என்றார் அவர், யோசிக்காமல்.

"அடேயப்பா! இவ்வளவு குடிச்சும் கணக்கா ஞாபகம் வெச்சிருக்கீங்களே! இதுல ஒரு சொட்டுகூட இல்லையாம்!"

இப்போது பக்கத்து மேசைக்காரர்கள் ஒளிக்காமலே சிரித்தார்கள். வந்தவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எழுத்தர் அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"சிரிக்க வேற செய்யறீங்களா? இருங்க!"

விறுவிறுவென்று எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்த வழக்குக் கோப்பை எடுத்து வந்தார். மூன்றாவது பக்கத்தைப் புரட்டி, ஜன்னல் வழியே அவர் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இது யார் கையெழுத்து? பொய் சொல்லாம சொல்லுங்க."

"என்னோடதுதான் மேடம்."

"எல்லாரும் கேட்டுக்கோங்கப்பா! அவர் வாயாலயே ஒத்துக்கிட்டார். கையெழுத்தையும் போட்டுட்டு, குடிக்கலன்னு இங்க வந்து நிக்கறது. இதைவிட வேற என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம் மேடம். கையெழுத்துக்குக் கீழ ஒரு முத்திரை இருக்கு பாருங்க. அதைக் கொஞ்சம் படிச்சிடுங்க, போதும்."

எழுத்தர் அம்மா கோப்பைத் தன் பக்கம் திருப்பினார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். படித்தார். சட்டென்று திரும்பி, தான் அனுப்பிய அறிக்கையின் நகலைக் கணினியில் திறந்து பார்த்தார். படிவத்தில் இரண்டு பெயரும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.

ஜன்னலை விட்டுவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு தானே வெளியே ஓடி வந்தார். பதினோரு வருஷத்தில் அவர் யாருக்கும் அப்படி ஓடி வந்ததில்லை.

"உள்ள வந்து உட்காருங்க சார். ரெண்டு மணிக்கு முன்னாடியே... ஐயோ, மணி ஒண்ணே முக்கால்! இப்பவே போன் போட்டுச் சொல்லிடறேன், திருத்தின அறிக்கையும் கையோட அனுப்பிடறேன். ஆனா சார், முதல்லயே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"எங்க மேடம் சொல்ல விட்டீங்க? குடிச்சவன் வேற ஆளு... நான் பிடிச்சவன்!"