சத்தமில்லாத கம்ப்யூட்டர்

அந்தச் சத்தத்தை ஒழித்துக்கட்டாமல் வீடு திரும்புவதில்லை என்று ஃபோல்க்மார் ஹென்ஷல் சபதமே போட்டிருந்தார். புது ஃபேன் மாட்டிப் பார்த்துவிட்டார். டிஸ்க்கையும் மாற்றிவிட்டார். இருந்தும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரப் பரிசோதனைக் கூடத்தில், சத்தம் அளக்கும் அறைக்குள் போனதுமே அவருடைய பட்டறையில் செய்த கம்ப்யூட்டர் மறுபடி தன் குணத்தைக் காட்டியது.

டிக்... டிக்... டிக்.

சுவர், கூரை, கதவு எல்லாம் தடித்த பஞ்சு மெத்தை. எச்சில் விழுங்கினால்கூட இடி மாதிரி கேட்கிற அறை அது. மெஷினை இயக்க அதற்கு எதிரே, மைக்குக்குப் பக்கத்தில், ஒரு ஆள் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஹென்ஷல்தான் உட்கார்ந்திருந்தார்.

"கேக்குதா மேடம்?" என்றார் ஈனக் குரலில்.

கதவுக்கு வெளியே ஹெட்ஃபோனோடு சத்தத்தை அளந்துகொண்டிருந்த பரிசோதகர் உல்ரிகாவின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. "நல்லாவே கேக்குது சார். போன தடவை வந்த அதே டிக் டிக்."

மின்சாரச் சிக்கனத்தில் தேறிய மெஷின். பிளாஸ்டிக்கில் விஷம் இல்லை, ஸ்க்ரூவைக் கழற்றினால் யாரும் ரிப்பேர் பார்த்துக்கொள்ளலாம். சத்தத்தில் மட்டும் தேறிவிட்டால் பெட்டியின் மேல் நீல தேவதை முத்திரையை ஒட்டலாம். சுற்றுச்சூழலைக் கெடுக்காத சாமான் என்று சொல்லும் அந்தச் சின்ன வட்டம் இல்லாவிட்டால் பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் ஆர்டர் கைநழுவிப் போகும். ஆர்டர் போனால் பட்டறைக்குப் பூட்டு. அங்கே வேலை செய்கிறவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. மனுஷனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நீங்க வந்து ஒரு காபி குடிங்க சார். எங்க ஆள் ஒருத்தர் உள்ள உட்காரட்டும்" என்றாள் உல்ரிகா.

"உங்க ஆளா? மூக்கை உறிஞ்சுவாரு, நாற்காலியை ஆட்டுவாரு. பழி என் மெஷின் மேல விழும். வேண்டவே வேண்டாம்!"

போன தடவையும் இதே பிடிவாதம்தான். யாரை நம்பினாலும் நம்புவார், அடுத்தவர் மூக்கை நம்பமாட்டார்.

"சரி, டென்ஷன் ஆகாதீங்க. நெஞ்சைத் திறந்து வால்வு மாத்தின உடம்பு."

"அது உலோக வால்வு மேடம். என் கம்பெனியை விட அது ரொம்ப நாள் ஓடும், கவலைப்படாதீங்க."

உல்ரிகா சிரிக்கவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "சார், சொல்லவே கஷ்டமா இருக்கு. இதுதான் கடைசி வாய்ப்பு. இன்னிக்கும் தேறலேன்னா, தேறலேன்னே ரிப்போர்ட் போயிடும்."

ஹென்ஷலுக்கு வியர்த்துவிட்டது.

டிக் டிக் டிக் டிக்.

"ஐயையோ, இப்ப வேகமா வேற அடிக்குதே! என்ன பண்ணினீங்க?"

"நான் எதையும் தொடல மேடம்! சத்தியமா தொடல!" ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை. ஃபேனை நிறுத்தினார். அப்போதும் நிற்கவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, "உன் காலில் விழறேன், வாயை மூடு" என்று அதனிடமே கெஞ்சினார். பார்க்கச் சகிக்காத காட்சி.

கடைசியில் வெறி வந்தவர் போல ஒயரை வெடுக்கென்று பிடுங்கி எறிந்தார். திரை அணைந்தது. முகத்தை மூடிக்கொண்டு நாற்காலியில் விழுந்தார்.

"சார்..." ஸ்பீக்கரில் குரல் மெதுவாக வந்தது. "பிளக்கைப் பிடுங்கிட்டீங்களா?"

"பிடுங்கிட்டேன். எல்லாம் முடிஞ்சுது. இப்பவாவது நின்னு தொலைஞ்சுதா?"

"இல்ல சார். இன்னும் கேக்குது."

கதவு திறந்தது. உல்ரிகா உள்ளே வந்தாள். தரையில் கிடந்த ஒயரைப் பார்த்தாள். மெஷினைத் தாண்டி நேரே அவரிடம் வந்து குனிந்து, அவர் சட்டைப் பாக்கெட்டுக்கு அருகே காதை வைத்தாள்.

"என்ன மேடம் இது, விளையாடற நேரமா? அந்தச் சத்தம் நின்னாத்தான் எனக்கு வாழ்வு!" என்று அலறினார் ஹென்ஷல்.

உல்ரிகா நிமிர்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, உதட்டில் மட்டும் சிரிப்பு.

"அது நிக்கவே கூடாது சார். நீங்க வெளியே வாங்க, அது போதும்!"